ஃபிளெக்ஸ் பஞ்சாயத்து

குரூப்: கன்னங்குறிச்சி வகையறா

பெரியப்பா: (படம்) எல்லோருக்கும் காலை வணக்கம். ஜூன் 26 போதை ஒழிப்பு நாளுக்கு நம் தெரு சங்கம் பஸ் ஸ்டாப்பில் வைக்கப்போகும் ஃபிளெக்ஸ். பத்துக்கு ஆறு. வீட்டுக்கு 200 ரூபாய், ஜிபேயில் போட்டுவிடுங்கள்.

செல்வி அத்தை: எலும்புக்கூடு, கையில் ஊசி, பின்னால் தீ. பேய்ப் படம் ரிலீஸ் என்று நினைத்துவிட்டேன் அண்ணா 😄

பெரியப்பா: பயம் வர வேண்டாமா? நாளைக்கு நம் வீட்டுப் பையனே போய் மாட்டிக்கொண்டால்?

நான்: 200 அனுப்பிவிட்டேன் பெரியப்பா. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 1998லிருந்து 2004 வரை இதே வேலைக்கு அரசாங்கம் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் ஒதுக்கியது. டிவி, ரேடியோ, பத்திரிகை எதையும் விடவில்லை. மாதம் ஒரு விளம்பரமாவது கண்ணில் பட்டதாக 94% பிள்ளைகள் சொன்னார்கள். அப்புறம் ஆராய்ந்தால் கஞ்சா குறைந்ததற்கு அடையாளமே இல்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்த சில பிள்ளைகளுக்கு ‘ஒரு தடவை பார்த்தால் என்ன’ என்ற எண்ணம்தான் கூடியிருந்தது.

பெரியப்பா: அதெப்படி பாப்பா, வேண்டாம் என்று சொன்னால் ஆசை வருமா?

நான்: ஊரே சேர்ந்து வேண்டாம் வேண்டாம் என்று கத்தினால், ‘அப்போ எல்லோரும் அடிக்கிறார்கள் போல, நாம்தான் பாக்கி’ என்று தோன்றுமாம். ஆராய்ந்தவர்கள் ஊகித்த காரணங்களில் அதுவும் ஒன்று.

அரவிந்த்: அப்பா, எங்கள் ஸ்கூல் காம்பவுண்டில் போன வருஷமே இதே எலும்புக்கூடு வந்துவிட்டது. அதுக்கு மீசை வரைந்து, கூலிங் கிளாஸ் போட்டு, மேத்ஸ் சார் பேரை வைத்து ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். இப்போது யாராவது லேட்டாக வந்தால் அதைத்தான் அனுப்புகிறோம்.

பெரியப்பா: நீ எதுக்குடா ஸ்கூல் நேரத்தில் போனைப் பார்க்கிறாய்?

அரவிந்த்: லஞ்ச் பிரேக் அப்பா. இன்னொன்று, ஊசியை எங்களில் எவனும் பார்த்ததே இல்லை. இங்கே ஓடுவது உதட்டுக்கு அடியில் வைக்கிற அந்தச் சின்னப் புகையிலைப் பொட்டலம். அது உங்கள் ஃபிளெக்ஸில் இல்லவே இல்லை.

செல்வி அத்தை: அவன் சொல்வது நிஜம். எங்கள் பள்ளியில் போன வருஷம் உறுதிமொழி எடுத்தோம். வெயிலில் நிறுத்தி, கை நீட்டச் சொல்லி. கடைசி வரிசையில் ஒருவன் ‘ஒழிப்போம்’ என்பதை ‘ஒவிப்போம்’ என்கிறான். கிட்டே போய்ப் பார்த்தால் கீழுதடு ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. போதைக்கு எதிரான உறுதிமொழியை அதை வாயில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறான். சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. குட்காவுக்கு இங்கே 2013லேயே தடை போட்டாயிற்று, இது மட்டும் எந்தக் கடையிலிருந்து வருகிறதோ.

பெரியப்பா: அப்போ எதையுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்களா?

நான்: அப்படிச் சொல்லவில்லை. அதே அமெரிக்காவில் 2000த்தில் சிகரெட்டுக்கு எதிராக ஒரு விளம்பரம் வந்தது. ஒரு நாளைக்கு 1,200 பேர் சாகிறார்கள் என்று காட்ட, சிகரெட் கம்பெனி ஆபீஸ் வாசலில் பிணப் பைகளாகக் கொண்டுவந்து அடுக்கினார்கள். செய்தது பெரியவர்கள் இல்லை, இளவட்டங்கள். ‘குடிக்காதே’ என்ற உபதேசம் கிடையாது, ‘உன்னை ஏமாற்றிக் காசு பார்க்கிறான் பார்’ என்பதுதான் பேச்சே. அந்த வயசுக்கு அது ஏறியது, பிள்ளைகளிடம் சிகரெட் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த வயசில் நோய்க்கு யார் பயப்படுகிறார்கள்? ஏமாளி என்று பேர் வாங்கத்தான் பயம்.

அரவிந்த்: இது கரெக்ட் அக்கா.

செல்வி அத்தை: அண்ணா, ஊசியை எடுத்துவிட்டு 10581 போடுங்கள். விற்கிறவனைப் பற்றிப் புகார் சொல்கிற நம்பர். பழக்கத்தை விட நினைக்கிறவர்களுக்கு 14446. பெரிய எழுத்தில்.

பெரியப்பா: சரி சரி. கடைக்காரருக்குப் போன் போட்டேன், இன்னும் பிரிண்ட் ஆகவில்லையாம். எலும்புக்கூட்டை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

(மாலை 6:40)

பெரியப்பா: (படம்) புது டிசைன். இரண்டு நம்பரும் இருக்கிறது, தீயும் போயாச்சு. எலும்புக்கூடு இருந்த இடம் காலியாக இருந்ததால் என் போட்டோவை வைத்துவிட்டாராம், கூப்பிய கையோடு.

அரவிந்த்: அப்பா, எலும்புக்கூடே இருக்கட்டும்.