கணினி வரலாற்றுக் காலக்கோட்டில் புதுச்சேரிக்கு இடம் உண்டா?

முத்தியால்பேட்டை ஆசிரியை:

வணக்கம். எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கணினியின் வரலாற்றைச் சுவரில் ஒரு நீண்ட காலக்கோடாக வரைந்து வருகிறார்கள். 1822-இல் சார்லஸ் பாபேஜ் லண்டனில் முன்வைத்த வித்தியாசப் பொறி என்ற கணக்கிடும் இயந்திரத்தில் தொடங்கி, 1946-இன் எனியாக் என்ற மின்னணுக் கணினி, 1955-இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்த கணினி, 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி என்று அது நீள்கிறது. அதன் கீழே அறிவியல் புனைகதைகளுக்கும் ஒரு வரிசை உண்டு. நேற்று ஒரு மாணவி, "மிஸ், இதில் நம்ம ஊர் எங்கேயுமே வரலையே?" என்று கேட்டாள். பெருமைக்காக எதையாவது ஒட்டவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆதாரத்தோடு சொல்லக்கூடியது ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள்.

கெடிலக்கரை:

இருக்கிறது அம்மா, அதுவும் பாபேஜுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் (கோலாரில் தங்கம் கிடைப்பதை 1802-இல் அறிவித்தவரும் இவரே) 1825-இல் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர், தாளோ எழுதுகோலோ இன்றி, தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் அவர் பதிவுசெய்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகெபவர் 1952-இல் தமிழ் வானியலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை ஆராய்ந்தார்.

அட்டவணையை எப்படி நெட்டுருப் போட்டார்கள் என்பதுதான் உங்கள் மாணவர்களுக்குச் சுவையான பகுதி. நிலவு புவிக்கு மிக அருகில் வந்து, மறுபடியும் அப்படி வருவதற்கு ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் கிட்டத்தட்ட முழுமையாக 248 நாள். ஆகவே, நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் போதும். கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஓர் எண்ணைக் குறிப்பதால், பொருளுள்ள ஒரு சிறு தொடரைச் சொன்னாலே அன்றைக்கு நிலவு எங்கே இருக்கிறது என்ற அளவு அதற்குள் அடங்கியிருக்கும். எண்ணை மறந்துவிடலாம், பொருளுள்ள தொடரை மறப்பது கடினம்.

வாரனுக்கு முன்பே, சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக்கோள் கடக்கும் வெள்ளி இடைநகர்வைக் காண வந்து 1769 ஜூனில் மேகத்தால் ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீயும் இம்முறையைப் புதுச்சேரியில்தான் கற்றார். 1765 ஆகஸ்ட் 30-இன் சந்திர கிரகணத்துக்குத் தமிழ் முறை தந்த கால அளவு 41 விநாடி குறைவாகவும், மேயரின் ஐரோப்பிய அட்டவணை தந்தது 68 விநாடி மிகுதியாகவும் இருந்தது.

நெல்லித்தோப்பு:

தகவல் நன்று. ஆனால் இதைக் 'கணினி' என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பழைய வாக்கியங்களால்தான் இன்றும் நமக்கு இரண்டு சனிப்பெயர்ச்சிகள் வருகின்றன. 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: திருத்திய கணக்கான திருக்கணிதப்படி ஜனவரி 17-இலேயே சனி பெயர்ந்துவிட்டது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றிலோ டிசம்பர் 20-இல்தான் விழா நடந்தது. திருத்தப்படாத அட்டவணையைச் சாதனை என்று சுவரில் எழுதலாமா?

கெடிலக்கரை:

திருத்தாமல் விட்டது பின்வந்தவர்களின் குறை, முறையின் குறையன்று. அச்சிட்ட கணித அட்டவணைகளில் மலிந்திருந்த பிழைகளைக் கண்டு சலித்துத்தான் பாபேஜும் பொறி கட்டப் புறப்பட்டார். நம் கணிதர் சோழி வைத்த 1825-இலும் அவர் அந்தப் பொறியோடு போராடிக்கொண்டுதான் இருந்தார். அது கடைசிவரை முடியவில்லை. அவருடைய இரண்டாவது வடிவமைப்பை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல்தான் கட்டி இயக்கியது. ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லே அந்நாளில் கணக்கிடும் மனிதரைத்தான் குறித்தது.

வில்லியனூர் வாசகர்:

புனைகதை வரிசைக்கு ஒன்று சொல்கிறேன். லியு சிசினின் 'மூன்று பொருள் சிக்கல்' நாவலில் மூன்று கோடி வீரர்கள் கொடிகளை ஏற்றியும் இறக்கியும் தாங்களே ஒரு கணினியாகிறார்கள். 2024-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்ததால் மாணவர்களுக்கும் அந்தக் கதை தெரிந்திருக்கும். அவர்களில் எவருக்கும் முழுக் கணக்கு இன்னதென்று தெரியத் தேவையில்லை. வாரனும் ஏறக்குறைய இதையேதான் எழுதினார்: அந்தக் கணிதருக்கு வானியல் கோட்பாடு ஒன்றும் புரியவில்லை, நினைவாற்றல் மட்டுமே இருந்தது என்பது அவர் முடிவு. சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகளைப் பற்றி, 'புரிந்து பேசுகிறதா, வெறும் ஒப்பிப்பா' என்று நடக்கும் வாதமும் இதுவேயல்லவா?

என் கருத்தில் ஒப்புமை அதோடு நின்றுவிடுகிறது. சோழிக் கணக்கில் ஒரே நாளுக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடைதான் வரும். தவறினாலும் எந்தப் படியில் தவறியது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். மொழி மாதிரியோ இல்லாத வாக்கியத்தையும் தயங்காமல் சொல்லிவிடும். மேலும், கணிதருக்குப் புரியவில்லை என்பது வாரனின் கூற்று மட்டுமே. கணிதரின் கூற்று நமக்குக் கிடைக்கவில்லை.

முத்தியால்பேட்டை ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. 1825-ஐப் பாபேஜுக்கு அடுத்த கட்டமாக வரைகிறோம். தலைப்பில் 'கணினி' என்று போடாமல் 'கணிதர்' என்றே எழுதப்போகிறோம். 52 நிமிடப் பிழையும் அதே எழுத்து அளவில் இருக்கும். நெல்லித்தோப்பு ஐயா சொன்ன இரண்டு சனிப்பெயர்ச்சித் தேதிகளையும் கோட்டின் மறுமுனையில் சேர்க்கிறோம். இரண்டு மாணவிகள் சோழிகளோடு தரையில் அமர்ந்து, 248-ஐ 27.55-ஆல் வகுத்துக் காட்ட ஆயத்தமாகிறார்கள்; மீதி வரும் தசமத்தைச் சோழியில் எப்படிக் காட்டுவது என்றுதான் இப்போது வகுப்பில் சண்டை.