‘பங்கேற்பு பட்ஜெட்’டுக்குக் ‘குடிப்பாதீடு’ பொருந்துமா?

வணக்கம்.

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வார்டுக்கு வரும் பணத்தை எந்த வேலைக்குப் போடுவது என்று அங்கே குடியிருப்பவர்களே தீர்மானிக்கும் முறைக்கு, நான் தொகுக்கும் சொற்பட்டியலில் சேர்க்க ஒரு சொல் தேவை. ‘பங்கேற்பு வரவு செலவுத் திட்டம்’ எனக்கு ஒப்பவில்லை. கூட்டத்துக்கு வந்து, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போனாலும் பங்கேற்புதான். இங்கே நடப்பதோ பங்கீடு. இலங்கையில் பட்ஜெட்டுக்கு வழங்கும் ‘பாதீடு’ இதற்கு நன்றாக உட்காரும். தொல்காப்பிய வெட்சித்திணையில், கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்கள் தமக்குள் பகுத்துக்கொள்ளும் துறைக்கு அதுவே பெயர். ‘குடிப்பாதீடு’ என்று வைக்கலாமா?

---

> குடிப்பாதீடு

டாஸ்மாக் கணக்கு என்று படித்துவிடுவார்கள் ஐயா! ‘மக்கள் பாதீடு’ம் உதவாது, எந்த நிதியமைச்சர்தான் தன் பட்ஜெட்டை மக்கள் பட்ஜெட் என்று சொல்லவில்லை? என் பரிந்துரை ‘ஊர்ப்பாதீடு’. சோழர் கல்வெட்டுகளில் ‘ஊர்’ என்பது கூடி முடிவெடுத்த அவைக்கும் பெயர்.

வரையறையைக் கறாராக எழுதுங்கள். கென்யாவில் மக்குவேனி, வஜீர் போன்ற வறண்ட கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் போன்றவை) காலநிலை நிதியில் 70 விழுக்காடு வார்டுக் குழுக்கள் தேர்ந்தெடுக்கும் வேலைகளுக்கு, 20 கவுண்டி அளவிலான வேலைகளுக்கு, மிச்சம் நிர்வாகத்துக்கு. கைக்கு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியாமல் கூட்டம் போட்டால் கிடைப்பது கோரிக்கைப் பட்டியல்தான்.

வரிசையும் வரையறைக்குள் வர வேண்டும்: தொகை அறிவிப்பு, முன்மொழிவு, பொறியாளர் மதிப்பீடு, அதன் பிறகே வாக்கு. மணல் அணையைப் பாருங்கள்: வறண்ட ஆற்றுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, அதன் பின்னால் படியும் மணலுக்குள் நீரைத் தேக்குவது. ஆற்றடியில் பாறை எட்டாத ஆழத்தில் இருந்தால் சுவருக்கு அடியிலேயே நீர் கசிந்து போய்விடும். சுவரைக் கரைக்குள் போதிய தூரம் நீட்டாவிட்டால் வெள்ளம் பக்கவாட்டில் அரித்துக்கொண்டு ஓடும். சுவரை ஒரே மூச்சில் உயர்த்தினால் மணலுக்குப் பதில் வண்டல் படிந்து, நீர் தங்க இடமிருக்காது. இதெல்லாம் ஓட்டெடுத்துத் தெரிந்துகொள்கிற விஷயமா?

---

குடிமராமத்து என்றால் யாரும் மதுக்கடையை நினைப்பதில்லையே அம்மா. ‘ஊர்’ என்று வைத்தால் மாநகராட்சி வார்டுக்காரர்கள் இது கிராமத்துச் சங்கதி என்று ஒதுங்கிவிடுவார்கள். ‘குடி’யே இருக்கட்டும். வரிசையை அப்படியே வரையறையில் சேர்க்கலாம்.

மராமத்துக்கும் ஒரு சொல் வேண்டும். பங்கேற்பு பட்ஜெட் 1989இல் பிறந்த பிரேசில் நகரமான போர்ட்டோ அலெக்ரியில், 2024 மே மாத வெள்ளத்தில் நகரை ஒட்டிய குவைபா ஏரியின் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டியது. கரை, வெள்ளத் தடுப்புக் கதவுகள், பம்பு நிலையங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் கதவுகளில் நீர் புகுந்தது, பம்புகள் நின்றன, வடிகால் வழியாகவே வெள்ளம் எதிர்த்து ஏறியது. பராமரிப்பு போதாது என்பதே பெரிய குற்றச்சாட்டு. குடிப்பாதீட்டை அங்கே 2017இல் நிறுத்திவைத்திருந்ததால் பழியை நேராக அதன்மேல் போட முடியாது. ஆனாலும் புதுக் கட்டுமானத்துக்கு விழுகிற ஓட்டு, கதவின் ரப்பர் பட்டையை மாற்றுவதற்கு விழாது. எனவே ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டிலும் ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவைச் சேர்த்த பிறகே வாக்குக்கு விட வேண்டும். அதற்கு ‘மராமத்துப் பங்கு’ என்று வைக்கலாம். மராமத்து அரபு வழி வந்த சொல் என்று மறுப்பு வரும், வரட்டும். ஏரிக்கரையில் நிற்பவருக்குப் புரிகிற சொல் அது.

இன்னொன்று: ‘தாங்குதிறன்’, ‘மீள்திறன்’ இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். கதவும் கரையும் எவ்வளவு நீரை நிறுத்தும் என்பது முன்னது. வெள்ளம் வடிந்து எத்தனை நாளில் கடை திறக்கும் என்பது பின்னது. சொற்பட்டியலில் தனித்தனிப் பதிவாகப் போடுகிறேன்.