ராஜராஜேஸ்வரி தஞ்சாவூர்ப் படம்: மக்கு வெடிப்பு, கை ஆயுதங்கள்

காவிரிக்கரை:
12×15 அங்குலப் பலகையில் ராஜராஜேஸ்வரி. துணி ஒட்டி, சாக் பவுடர் பூச்சு மூன்று தடவை கொடுத்துத் தேய்த்தாயிற்று. கிரீடத்திலும் பிரபையிலும் (தலைக்குப் பின்னாலுள்ள ஒளிவட்டம்) மக்கு, அதாவது புடைப்பாக எழுப்ப வைக்கும் சாக் பவுடர்-கோந்துக் குழைவு, வைத்த மறுநாளே மயிரிழை வெடிப்பு. மேலே தங்க ரேக்கு ஒட்டினால் மறைந்துவிடுமா? இன்னொன்று: கையில் இருக்கும் இரண்டு மாதிரிப் படங்களில் கரும்பு வில் வெவ்வேறு கையில் இருக்கிறது. எது சரி?

சித்திரப்பலகை:
மறையாது. ரேக்கு மெல்லிசு, அடியில் உள்ள கோடு பளபளப்பில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

முதலில் வெடித்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் கோந்து போதவில்லை. செதிலாகப் பெயர்ந்து வந்தால் கோந்து மிஞ்சிவிட்டது. இரண்டுமில்லாமல் கோடு மட்டும் என்றால் கனம்தான் காரணம்: மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே ஈரம் வற்றிச் சுருங்கும்போது மேலே பிளக்கும். பிரபை போன்ற உயரமான இடங்களில் இதுதான் வழக்கம். இட்லி மாவுப் பதத்தில், இரண்டு மூன்று தடவையாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் நிழலில் முழுக்கக் காயட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்க வேண்டாம், வெயில் கூடவே கூடாது.

செதிலாக வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே நல்லது. வெறும் மயிரிழை என்றால் நீர்த்த கோந்தை மெல்லிய தூரிகையால் கோட்டுக்குள் இறக்கி, மேலே நீர்த்த மக்கு ஒரு பூச்சு. காய்ந்ததும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் போதும். கல் பதிப்பதை மக்குக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு கல்லைச் சுற்றி மக்கு, அதன்மேல் ரேக்கு. ஈர மக்கின் மேல் ரேக்கு ஒட்டினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பிறகு குமிழாகக் கிளம்பும்.

மேலவீதி:
கைக்கு வருகிறேன். பரவலான மரபு: மேல் இடக்கையில் பாசம் (கயிறு), மேல் வலக்கையில் அங்குசம், கீழ் இடக்கையில் கரும்பு வில், கீழ் வலக்கையில் ஐந்து மலர்க்கணைகள். இட வலம் எல்லாம் அம்பாளுக்கு, பார்க்கிறவருக்கு அல்ல. அதனால் வில் உங்கள் வலப்பக்கம் வரும். மாதிரிகள் முரண்படுவதற்குப் பெரும்பாலும் ட்ரேசிங் தாளைத் திருப்பிப் போட்டதே காரணம். ஒரு படத்தில் அங்குசமும் கூட இடம் மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சாமரம் வீசும் இருவரையும் வரைகிறீர்களா? அம்பாளின் ஆயிரம் பெயர்களைச் சொல்லும் லலிதா சகஸ்ரநாமத்தில் ‘ஸசாமர ரமா வாணீ ஸவ்ய தக்ஷிண ஸேவிதா’ என்று வரும். லட்சுமி அம்பாளின் இடப்பக்கம், சரஸ்வதி வலப்பக்கம். சரஸ்வதிக்கு வெள்ளைப் புடவை போட்டால் யார் யாரென்று சட்டென்று தெரியும்.

காவிரிக்கரை:
சுரண்டினால் செதிலாகத்தான் வருகிறது. கோந்து மிச்சம். ஆசனத்துக்குப் பஞ்சப் பிரம்மாசனம் போடலாமா?

மேலவீதி:
12×15-இல் நெருக்கும். பிரம்மா, விஷ்ணு, ருத்ரன், ஈசுவரன் நால்வரும் கால்கள், சதாசிவன் பலகை. முகங்கள் அரை அங்குலம்கூடத் தேறாது. மக்கும் ரேக்கும் அதில் அப்பிவிடும். தாமரைப் பீடமே போதும். மேனிக்கு மட்டும் மஞ்சளோ ரோஸோ போடாதீர்கள்: சகஸ்ரநாமத்தின் தியான சுலோகங்களில் ஒன்று ‘அருணாம்’ (சிவந்த நிறத்தவளை) என்றே தொடங்குகிறது. சிவப்பில் கொஞ்சம் வெள்ளையும் மஞ்சளும் கலந்து, புடவைச் சிவப்பைவிட ஒரு படி வெளிறலாக வையுங்கள். இல்லாவிட்டால் கையும் புடவையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.