துஷ்டி வீட்டிலிருந்து வகுப்பறைக்கு

முக்கூடலிலிருந்து:

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். அப்போது இளநிலை இரண்டாம் ஆண்டு. என் மொட்டைத் தலையைப் பார்த்ததுமே வகுப்பில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது; ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரில் துஷ்டி (துக்கம்) கேட்க வந்தவர்களோ, "தம்பி, இனி அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற ஒன்றையே சொல்லிவிட்டுப் போனார்கள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா என் முகத்தையே பார்ப்பார். அவர் முன்னால் நான் எப்படி அழுவது?

வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதால் துறையில் என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அந்த மேடம் முதலில் சொன்னது: "நீங்கள் பேசுவது துறைக்குப் போகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டுமே வெளியே சொல்வேன்." அப்பா எப்படி இறந்தார் என்று அவர் கேட்கவில்லை. "அப்பா எப்படிப்பட்டவர்?" என்றார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நெல்லை வானொலியில் செய்தி கேட்காமல் வயலில் கால் வைக்கமாட்டார் என்று தொடங்கியவன், மதிய மணி அடிக்கும்வரை பேசினேன், அழுதேன்.

பிறகு என் சம்மதம் கேட்டுத் துறைத் தலைவரிடம் அவரே பேசினார். வருகைக் குறைவுக்கான விண்ணப்பம், தவறிய உள்தேர்வு இரண்டுக்கும் வழி பிறந்தது. தேர்வு எழுத முடியாமல் போய்விடுமோ என்ற பயம் நெஞ்சில் இருக்கும்வரை எந்த ஆறுதலும் உள்ளே இறங்காது. இதையும் ஆலோசகரின் வேலையாகவே நான் பார்க்கிறேன்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:

உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி, அண்ணா. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. இரவெல்லாம் மொட்டை மாடியில் இருந்தோம். வீட்டில் எல்லோரும் பிழைத்தோம் என்பதால், "உங்களுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே" என்றார்கள். ஆனால் விடுதியில் மழைச் சத்தம் கேட்டாலே பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஆலோசகர் அதைக் கோழைத்தனமாக நினைக்கவில்லை. முதல் சில வாரங்களில் பலருக்கு இப்படி இருக்கும், பெரும்பாலும் தானாகத் தணியும் என்றார். ஒரு மாதம் தாண்டியும் தூக்கத்தையும் படிப்பையும் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குத் தணியவில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். "கல்யாணம் ஆக வேண்டிய பெண்" என்று பெரியம்மா தடுத்தும் அம்மா என்னுடன் பஸ் ஏறினார். அதற்காக அம்மாவை எவ்வளவு கொண்டாடினாலும் தகும். மழை இரவுகளுக்கு ஆலோசகர் கற்றுத்தந்ததை இன்றும் செய்கிறேன்: பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்வது.

முக்கூடலிலிருந்து:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தங்கச்சி. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் தங்கை படிக்கும் கல்லூரியிலும் ஆலோசகர் இருக்கிறார். ஆனால் அவருடைய அறை முதல்வர் அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. யார் உள்ளே போனாலும் எல்லோர் கண்ணிலும் படும். இடத்தை மாற்றக் கேட்டு மாணவிகள் மனு கொடுத்திருக்கிறார்கள். இரவில் தாங்க முடியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.