'புட்பிரின்ட்' – 'அலையேந்து பரப்பு' சரிவருமா?

வணக்கம் அண்ணா,

செய்மதியின் புட்பிரின்ட்டுக்கு, அதாவது அதன் அலை வந்து விழும் நிலப்பரப்புக்கு, தமிழ்ச்சொல்லாக நீங்கள் தந்த 'அடிச்சுவடு' எனக்கு ஒத்துவரவில்லை. சுவடு என்றால் ஒருவர் நடந்துபோன பிறகு எஞ்சிக் கிடப்பது. புவிநிலைச் செய்மதியோ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் அசையாமல் நிற்பதுபோல் இருந்துகொண்டு ஓயாமல் அலையை அனுப்புகிறது. அதற்கு அக்கரைப்பற்று நண்பர் சொன்ன 'வீச்செல்லை' பரவாயில்லை. ஆனால் அது ஓரக்கோட்டை மட்டும்தான் சொல்கிறது. கோட்டுக்குள் இருக்கும் நிலத்துக்கல்லவா நமக்குப் பெயர் வேண்டும்?

ஏசியாசாட்-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் வெஸ்டார்-6 என்ற பெயரில் போய், உரிய சுற்றுப்பாதையை எட்டாமல், அதே ஆண்டு விண்ணோடத்தில் மீட்டுக் கொண்டுவரப்பட்ட செய்மதி அது. 1990 ஏப்ரலில் சீனாவின் லோங் மார்ச்-3 அதை மறுபடி ஏவியது. அதன் டிரான்ஸ்பாண்டர்களை, அதாவது அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளை, பல நாட்டு ஒளிபரப்பாளர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். 1991இல் ஸ்டார் டிவி தொடங்கியதும் அதில்தான். அந்தச் செய்மதிக்கு இரண்டு கற்றைகள் (பீம்), அதாவது ஒரு திசைக்குக் குவித்து அனுப்பும் அலைகள். வடக்குக் கற்றை சீனா, கொரியா, யப்பான் பக்கம். தெற்குக் கற்றை தென்கிழக்காசியாவிலிருந்து மத்திய கிழக்கு வரை. ஒரே செய்மதிக்கு இரண்டு பரப்புகள்! அது நின்ற 105.5 பாகை கிழக்கை மட்டக்களப்பிலிருந்து பிடிக்க, டிஷ்ஷைக் கடல் பக்கம் திருப்பி ஏறத்தாழ 60 பாகை நிமிர்த்த வேண்டும்.

உன்னிச்சைக் குளத்துக்கு நீரேந்துப் பகுதி என்கிறோமே, அந்த வாய்ப்பாட்டில் 'அலையேந்து பரப்பு' என்று வைக்கலாம். நீரேந்துப் பகுதியில் விழுந்த நீர் குளத்துக்கு ஓடிச் சேரும், அலை அப்படிச் சேராதே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் எடுப்பது 'ஏந்து' என்ற வினையை மட்டும். நிலமும் ஏந்துகிறது, நிமிர்ந்திருக்கும் டிஷ்ஷும் ஏந்துகிறது. ஏந்துவதில் கூடுதல் குறைவும் உண்டு. கற்றையின் நடுவில் அலை வலுவாக விழும், சிறிய டிஷ் போதும். ஓரத்துக்குப் போகப் போகப் பெரிய டிஷ் தேவைப்படும். 'அலையேந்து பரப்பின் ஓரம்' என்றால் இது சட்டென விளங்கும்.

'கற்றை'யில் யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால், அந்தப் பரப்பைக் காட்டும் படத்தின் கீழே 'தெற்குக் கற்றையின் அலையேந்து பரப்பு' என்று போடலாம். டிரான்ஸ்பாண்டருக்குத்தான் இன்னும் சரிவரவில்லை. 'அலைமாற்றி' கிட்ட வருகிறது. ஆனால் அலையை வாங்கிப் பெருக்கித் திருப்பி அனுப்பும் வேலை அதில் வரவில்லை. வேறு சொல் கிடைக்கும்வரை டிரான்ஸ்பாண்டர் என்றே எழுதுகிறேன்.