ஒரே கணினியில் கன்டெய்னர்களைக் கொண்டு சோதனைக் கிளஸ்டர்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். பாலக்காட்டு எல்லையிலுள்ள எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், 8 ஜிபி நினைவகமுள்ள ஒரே லினக்ஸ் கணினியைக் கொண்டு, ஒரு தலைமைக் கணுவும் இரண்டு பணிக் கணுக்களும் அடங்கிய குபெர்நெட்டிஸ் கிளஸ்டரை (செயலிகளைப் பகிர்ந்து இயக்கும் கணினிக் கூட்டம்; அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு கணு) மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். மெய்நிகர் இயந்திரங்கள் மூன்றைத் தாங்க அக்கணினியால் இயலவில்லை. கன்டெய்னர்களையே, அதாவது செயலிகளைத் தனித்தனியே அடைத்து இயக்கும் உறைகளையே, கணுக்களாகக் கொள்ள முடியுமா?

பதில் (வாளையாறு):
முடியும் ஐயா. 'கைண்ட்' என்னும் கருவியில் ஒவ்வொரு கணுவும், கன்டெய்னர்களை உருவாக்கி இயக்கும் மென்பொருளான டாக்கரின் ஒரு கன்டெய்னர்தான். அதனுள்ளே, கணுவின் பணிகளை நடத்தும் கியூப்லெட்டும், கன்டெய்னர்களை இயக்கும் கன்டெய்னர்டீயும் இயங்குகின்றன. கணுக்களின் பொறுப்புகளை ஒரு யாமல் (அமைப்புகளை எழுதும் உரை வடிவம்) கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். எல்லாம் ஒரே கெர்னலை (இயங்குதளத்தின் மையக்கரு) பகிர்வதால் நினைவகம் மிஞ்சுகிறது. அதே காரணத்தால் கெர்னல் சார்ந்த சோதனைகளுக்கு இது உதவாது. கணுப் படிமத்தை (கணுக் கன்டெய்னரை உருவாக்கும் அச்சுக் கோப்பு) வகுப்புக்கு முந்தைய நாளே இறக்கி வைத்துவிடுங்கள். நம் ஊர் இணையத்தை நான் நம்புவதில்லை.

பதில் (கோவிந்தாபுரம்):
ஒன்றைச் சேர்க்கிறேன். கணினியில் நீங்கள் உருவாக்கிய படிமம் கணுக்களுக்குத் தானாகத் தெரியாது. 'கைண்ட் லோட் டாக்கர்-இமேஜ்' கட்டளையால் அதை உள்ளே ஏற்ற வேண்டும். அப்போதும் 'லேட்டஸ்ட்' என்ற குறியீட்டைத் தவிர்த்து, பதிப்பு எண்ணைக் கொடுங்கள். இல்லாவிடில் குபெர்நெட்டிஸ் ஒவ்வொரு முறையும் இணையத்திலுள்ள படிமக் கிடங்கான வெளிப் பதிவகத்தையே நாடி, படிமம் கிடைக்கவில்லை என்று முறையிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரு கணு செயலிழப்பதையும் காட்டலாமா?

பதில் (வாளையாறு):
தாராளமாக. பணிக் கணுவின் கன்டெய்னரை 'டாக்கர் ஸ்டாப்' கொண்டு நிறுத்துங்கள். ஒரு நிமிடத்திற்குள் அக்கணு தயாரில்லை என்று காட்டும். ஆனால், டிப்ளாய்மென்ட் (குறித்த எண்ணிக்கையில் பாட்களை இயங்க வைக்கும் அமைப்பு) வழியே இயங்கிய பாட்கள் (கன்டெய்னர்கள் அடங்கிய பணி அலகுகள்) மற்றக் கணுவில் மீண்டும் எழ, இயல்பு அமைப்பில் மேலும் 5 நிமிடங்கள் ஆகும்.