எபிரெயர் 12:14 – பரிசுத்தம் நாம் அடைய வேண்டியதா, தேவன் தருவதா?

மளிகைக்கடை விசுவாசி (கேள்வி):

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன், திருமணத்துக்குப் பின் மனைவி வீட்டார் செல்லும் பெந்தெகொஸ்தே சபையில் ஐக்கியமாயிருக்கிறேன். இந்த ஆண்டு கன்வென்ஷன் கூட்டங்களில் "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே" என்ற வசனத்தை மையமாக வைத்தே செய்தி கொடுக்கப்பட்டது. நகை, சினிமா, தொலைக்காட்சி, தலைச்சாயம் என்று விலக்க வேண்டியவை ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை எங்கள் வீட்டில் ஏற்கெனவே இல்லை. ஆயினும் கூட்டம் முடிந்து திரும்பும்போது ஆறுதலைவிட அச்சமே மனத்தில் மிஞ்சியது.

பரலோகத் தூதர்களாகிய சேராபீன்களே முகத்தை மூடிக்கொள்ளும் அளவுக்குப் பரிசுத்தமான தேவன், புளியும் எண்ணெயும் விற்றுப் பிழைக்கிற என்னிடம் எந்த அளவில் பரிசுத்தத்தை எதிர்பார்க்கிறார்? அவருடைய பரிசுத்தமே அளவுகோல் என்றால் தேறுகிறவர் யார்? கிருபையாக அவரே தருகிறார் என்றால், வசனம் அதை "நாடுங்கள்" என்று கட்டளையிடுவது ஏன்? எல்லாம் சிலுவையில் முடிந்துவிட்டது என்று என் தகப்பனார் சொல்கிறார். அப்படிச் சொல்லித்தான் ஜனங்கள் துணிகரமாய்ப் பாவம் செய்கிறார்கள் என்று மாமனார் சொல்கிறார். இருவர் கையிலும் வேதாகமம் இருக்கிறது. கட்சி சேராமல் வேத ஆதாரத்தோடு விளக்கினால் நன்றியுள்ளவனாயிருப்பேன்.

ஓய்வுபெற்ற உபதேசியார்:

அன்புள்ள தம்பி, சேராபீன்களைக் குறிப்பிட்டதால் ஏசாயா 6-ஆம் அதிகாரத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் தரிசனம் "உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில்" உண்டானது என்று முதல் வசனம் சொல்கிறது. பலர் இதை வெறும் தேதியாகக் கடந்துபோகிறார்கள். 2 நாளாகமம் 26-ஐ அருகில் வைத்து வாசித்தால் அந்த வரியின் கனம் புரியும். உசியா 16 வயதில் யூதாவின் அரசனாகி 52 ஆண்டுகள் ஆண்டவன். பெலிஸ்தரை வென்றவன், எருசலேமில் கொத்தளங்களைக் கட்டியவன், பாலைவனத்தில் துரவுகளை வெட்டியவன். பலங்கொண்டபோது அவன் மனம் மேட்டிமையானது. ஆசாரியருக்கு மட்டுமே உரிய தூபங்காட்டுதலைத் தானே செய்ய ஆலயத்துக்குள் நுழைந்தான். ஆசாரியனாகிய அசரியா தன்னோடு 80 ஆசாரியரை அழைத்துக்கொண்டு பின்சென்று தடுத்தபோது அவன் கோபங்கொண்டான். தூபகலசம் கையில் இருக்கும்போதே அவன் நெற்றியில் குஷ்டம் தோன்றியது. மரணநாள்வரை தனி வீட்டில், ஆலயத்துக்குப் புறம்பாக வாழ்ந்தான்.

அவன் இறந்த ஆண்டில்தான் ஏசாயா ஆலயத்தில் கர்த்தரைக் காண்கிறான். அரசன் போக முயன்ற அதே பரிசுத்தத்தின் முன் அவன் நிற்கிறான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது "ஐயோ! அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்" என்ற கூக்குரல். தகுதி உண்டு என்று நுழைந்தவன் குஷ்டரோகியாய் வெளியே வந்தான். தகுதியில்லை என்று அலறியவனிடம் பலிபீடத்து நெருப்புத்தழல் வந்தது. அந்தத் தழலை ஏசாயா போய் எடுக்கவில்லை. ஒரு சேராபீன் அதைக் குறட்டால் எடுத்துப் பறந்துவந்து அவன் வாயைத் தொட்டான். சுத்திகரிப்பு தேவனுடைய பக்கத்திலிருந்தே வந்தது. "யாரை நான் அனுப்புவேன்" என்ற கேள்வியும் "இதோ, அடியேன் இருக்கிறேன்" என்ற பதிலும் அதற்குப் பிறகே வருகின்றன.

லேவியராகமத்தின் அமைப்பும் இதே வரிசையில்தான் செல்கிறது. பலிகளையும் ஆசாரியத்துவத்தையும் சொல்லி, 16-ஆம் அதிகாரத்தில் பாவநிவாரண நாளை வைத்துவிட்டு, அதன்பின் 19-ஆம் அதிகாரத்தில் "உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்ற கட்டளையை ஜனங்களின் சபையனைத்துக்கும் சொல்லும்படி மோசேக்குக் கூறுகிறது. உங்கள் தகப்பனார் சிலுவையைச் சொல்வது சரி. மாமனார் கட்டளையைச் சொல்வதும் சரி. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போதுதான் சிக்கல் உண்டாகிறது.

நெல்லை வாசகன்:

உபதேசியார் ஐயா நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். லேவியராகமம் 19-இல் அந்தக் கட்டளைக்குப் பின் வருபவற்றை ஒருமுறை வரிசையாக வாசித்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்குப் பயந்திருத்தல், வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடுதல், செவிடனை நிந்திக்காதிருத்தல், குருடனுக்கு முன் தடுக்கலை வைக்காதிருத்தல், "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்ற ஒழுங்கு, பிறனிடத்தில் அன்புகூருதல் எல்லாம் அங்கே வருகின்றன. அதிகாரம் முடியும் இடத்தில் சரியான தராசும் நிறைகல்லும் மரக்காலும் படியும் வருகின்றன.

நீங்கள் கடை வைத்திருப்பதால் சொல்கிறேன். வெல்லத்தைப் பொட்டலத் தாளோடு சேர்த்து நிறுப்பதும், மூட்டையின் மேற்புறத்தில் நல்ல பருப்பையும் அடியில் வண்டடித்ததையும் வைப்பதும், சாமான் கட்டித் தரும் பையனின் சம்பளத்தை "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளுவதும் பரிசுத்தத்தைப் பற்றிய கேள்விகளே என்று அந்த அதிகாரம் சொல்கிறது. தராசுக்கு முத்திரை வைத்தாயிற்றா என்று பார்க்க அதிகாரி வருவார். தாளின் எடையைப் பார்க்க யாரும் வரமாட்டார். இதைப் பற்றிக் கன்வென்ஷனில் ஓர் இரவாவது செய்தி கொடுத்திருக்கலாம். சேலையின் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம் கூலியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சகோதரி, தூத்துக்குடி:

நெல்லை அண்ணன் சொன்ன தராசையும் கூலியையும் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அதே அதிகாரத்தின் 19-ஆம் வசனத்தைத் தாண்டிப் போய்விட்டார். இருவகை நூல் கலந்த வஸ்திரத்தை உடுத்தலாகாது என்று அங்கே உடையைப் பற்றியும் எழுதியிருக்கிறது. அந்தச் சட்டம் இன்று நம்மைக் கட்டாது என்றாலும், "உடைக்கும் பரிசுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று அதிகாரத்தை வைத்து வாதாட முடியாது. புதிய ஏற்பாட்டிலும், "உங்கள் நடக்கைகளெல்லாவற்றிலேயும் பரிசுத்தராயிருங்கள்" என்று தம் முதலாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் எழுதிய பேதுருவே அதன் மூன்றாம் அதிகாரத்தில் பொன்னாபரணங்களை அணிவதைப் பற்றியும் எழுதுகிறார்.

இந்த வழக்கம் நம் மாவட்டங்களில் பெந்தெகொஸ்தேக்காரரோடு மட்டும் தொடங்கியதன்று. 1895-இல் இந்தியாவுக்கு வந்து, பின்பு தோனாவூரில் பணியாற்றிய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு கிராமம் கிராமமாகச் சென்ற தமிழ்ப் பெண்கள் மனமுவந்து நகைகளைக் கழற்றினார்கள். நகைதான் பெண்ணின் மதிப்பு, வரதட்சணையின் அளவு, குடும்பத்தின் அந்தஸ்து என்றிருந்த சமூகத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இன்று எடைபோடுவது கடினம். எங்கள் சபையில் கூலிவேலை செய்யும் அக்காவும் மருத்துவரின் மனைவியும் ஒரே பாயில் அமரும்போது, கழுத்தைப் பார்த்து யார் எவர் என்று சொல்ல முடியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்கள் அன்பினால் கழற்றியதை, அடுத்த தலைமுறைக்கு இராப்போஜனத்தில் பங்குபெறுவதற்கான நிபந்தனையாக மாற்றும்போது காரியம் தலைகீழாகிறது. கழுத்தில் சங்கிலி இல்லாதிருப்பதே ஒரு பெருமையாகிவிட்டால், நாம் உசியாவின் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

ஓய்வுபெற்ற உபதேசியார்:

மகளே, கடைசி வரியை நான் எழுதியிருக்க வேண்டும். தம்பி கேட்ட "நாடுங்கள்" என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதால் மீண்டும் எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி திருச்சபையில் பழையது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 18-ஆம் நூற்றாண்டில் அன்பில் பூரணப்படுதல் இம்மையிலேயே கூடும் என்று போதித்தார். 1875-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கெசிக் மாநாடு முழுமையான ஒப்புக்கொடுத்தலையும் விசுவாசத்தால் வரும் வெற்றியையும் வலியுறுத்தியது. வாழ்நாள் முழுவதும் போராட்டம் உண்டு என்பதை இப்படிப்பட்ட போதனை மறைக்கிறது என்று அக்காலத்திலேயே ஆங்கிலிக்கன் போதகர் ஜே.சி.ரைல் எதிர்த்து எழுதினார். ஏமி அம்மையாரும் கெசிக்கின் ஆதரவில் அனுப்பப்பட்டவரே. கன்வென்ஷன் முடிவில் "ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னே வாருங்கள்" என்று அழைக்கும் வழக்கத்திலும் அந்த மரபின் சாயலைக் காண்கிறேன். என் சாய்வு ரைலின் பக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எபிரெயர் 12:14-ஐ அதன் இடத்திலேயே வைத்து வாசியுங்கள். நான்கு வசனங்களுக்கு முன், நாம் "தம்முடைய பரிசுத்தத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு" தேவன் நம்மைச் சிட்சிக்கிறார் என்றும், அந்தச் சிட்சை புத்திரருக்கு உரியது என்றும் ஆசிரியர் எழுதுகிறார். ஆகவே அந்த வசனம் வீட்டுக்கு வெளியே நிற்கிறவனிடம் சீட்டுக் கேட்கிற வசனமன்று. வீட்டுக்குள் வளர்க்கப்படுகிற பிள்ளையிடம் பேசுகிற வசனம். இதே நிருபம் 10:14-இல், "பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை ஒரே பலியினாலே இவர் என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார்" என்கிறது. பூரணப்படுத்தியது முடிந்த செயல். பரிசுத்தமாக்கப்படுதல் நடந்துகொண்டிருக்கிற செயல். இரண்டும் ஒரே வாக்கியத்தில், ஒரே ஜனத்தைக் குறித்துச் சொல்லப்படுகின்றன. எச்சரிப்பு இல்லாமலில்லை; ஒருவேளைப் போஜனத்துக்காகச் சேஷ்டபுத்திரபாகத்தை (மூத்த மகனுக்குரிய உரிமையை) விற்ற ஏசாவை இரண்டு வசனங்களுக்குப் பின் நிறுத்தியிருக்கிறார். பரிசுத்தத்தைக் குறித்து அக்கறையே இல்லாதவன் அஞ்ச வேண்டும். நாடிக்கொண்டே தடுமாறுகிறவனுக்கு அந்தப் பகுதி சொல்வது, நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும் நிமிர்த்துங்கள் என்பதே.

மளிகைக்கடை விசுவாசி:

ஐயா, அண்ணன், அக்கா மூவருக்கும் நன்றி. வசனத்தின் முற்பகுதியைக் கூட்டத்தில் யாரும் வாசிக்கவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்: "யாவரோடும் சமாதானமாயிருக்கவும்" என்று இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கினால் என் பெரியப்பா மகன் என்னோடு பேசுவதில்லை. நான் பேசப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவரும் அந்த "யாவரில்" அடங்குவாரா?

ஓய்வுபெற்ற உபதேசியார்:

அடங்குவார். ஆனால் ரோமர் 12:18-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்." அவர் முகத்தைத் திருப்புவதற்கு நீங்கள் கணக்கொப்புவிக்க வேண்டியதில்லை. வழக்கைச் சட்டப்படி நடத்துவதும் பாவமன்று. உங்கள் வக்கீல் பொய்யான ஒரு வரியை மனுவில் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெரியப்பா மகன் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வந்தால் போய்வாருங்கள்.

நெல்லை வாசகன்:

அழைப்பு வராவிட்டாலும் துக்க வீட்டுக்குப் போகலாம், தம்பி. அதற்கு யாரும் அழைப்பதில்லை.